‘ரீஜனல் ஸ்டடீஸ்’ இதழின் ஆய்வு வெளியீடும் மேற்கோள் தாக்கமும்: எண்ணுவதற்கு முன் என்ன சரிபார்க்க வேண்டும்?

#1 சுவடித்தேடல்

வணக்கம். வட்டார வளர்ச்சி பற்றிய ஆய்விதழான ‘ரீஜனல் ஸ்டடீஸ்’ இன் 2005–2024 வெளியீடுகளை வைத்து ஓர் அளவியல் ஆய்வு (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணிப் பார்ப்பது) செய்கிறேன். திட்டமிட்ட அட்டவணைகள்: ஆண்டுவாரிக் கட்டுரைகள், சார்பு வளர்ச்சி வீதமும் இரட்டிப்புக் காலமும், கூட்டாசிரியர் அளவு, லோட்கா விதி (எத்தனை ஆசிரியர்கள் எத்தனைக் கட்டுரை எழுதுகிறார்கள் என்பது), நாடுவாரிப் பங்கு, அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகள், இதழின் ஹெச்-இன்டெக்ஸ் (தலா குறைந்தது ஹெச் மேற்கோள் பெற்ற ஹெச் கட்டுரைகள்). நான்கு சிக்கல்கள்:

வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோப்பஸ் ஆகிய இரண்டு மேற்கோள் தரவுத்தளங்களில் வரும் எண்ணிக்கைகள் ஒத்துப்போகவில்லை. எது சரி?

சார்பு வளர்ச்சி வீதம் ஆண்டுக்காண்டு இறங்குகிறது. “இதழின் வளர்ச்சி குறைகிறது” என்று எழுதலாமா?

நாடுகள் பட்டியலில் இங்கிலாந்து முதலிடம். வேல்ஸ், ஸ்காட்லாந்து தனித்தனியாக வருகின்றன. அப்படியே போடலாமா?

தாக்கத்துக்கு வெப் ஆஃப் சயின்ஸின் இம்பாக்ட் ஃபேக்டரா, ஸ்கோப்பஸின் சைட்ஸ்கோரா, இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டுவதா?

#2 நூலடுக்கு

முதலில் எந்த இதழ் என்பதை உறுதி செய்யுங்கள். ‘ரீஜனல் ஸ்டடீஸ்’ என்ற சொற்றொடர் இன்னும் பல இதழ்களின் பெயருக்குள் இருக்கிறது. மூலத் தலைப்புத் தேடலில் ‘யூரோப்பியன் அர்பன் அண்ட் ரீஜனல் ஸ்டடீஸ்’ வந்து விழும்; 2014இல் தொடங்கிய திறந்த அணுக்கத் தங்கை இதழான ‘ரீஜனல் ஸ்டடீஸ், ரீஜனல் சயின்ஸ்’ உம் வந்து விழும். பெயரால் தேடாதீர்கள், ஐஎஸ்எஸ்என் எண்ணால் (இதழின் தனி அடையாள எண்) தேடுங்கள். அச்சு 0034-3404, இணையம் 1360-0591. இரண்டையும் ‘அல்லது’ போட்டு இணையுங்கள்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. இதழ் 1967இல் தொகுதி 1 ஆகத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு தொகுதி. ஆகவே ஆண்டிலிருந்து 1966ஐக் கழித்தால் தொகுதி எண் வர வேண்டும். 2005க்கு 39, 2015க்கு 49, 2020க்கு 54. எக்செலில் ஒரு நெடுவரிசை போட்டுக் கழித்துப் பாருங்கள். ஒத்துவராத வரிகள் மூன்று வகைப்படும்: வேறு இதழிலிருந்து நுழைந்தவை, முன்கூட்டி இணையத்தில் வந்து இன்னும் தொகுதி ஒதுக்கப்படாதவை, ஆண்டு தவறாகப் பதிவானவை. ஐந்து நிமிட வேலைதான், பின்னால் வரும் பாதிக் குழப்பத்தைத் தடுத்துவிடும்.

எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை என்றால், பெரும்பகுதிக் காரணம் நூல் மதிப்புரை. இந்த இதழ் நீண்ட காலம் நூல் மதிப்புரைகளை நிறையப் போட்டது. வெப் ஆஃப் சயின்ஸ் அவற்றை ‘நூல் மதிப்புரை’ என்ற வகையில் சேர்க்கும். ஸ்கோப்பஸ் நூல் மதிப்புரைகளைச் சேர்ப்பதே இல்லை. எனவே “எது சரி” என்று கேட்பதில் பயனில்லை. ஆய்வுக்கட்டுரை, மீளாய்வு ஆகிய இரண்டு வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு திரும்ப எண்ணுங்கள். வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும். மிச்சம் இருப்பதை டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுவிடலாம்.

#3 தரவுத்தறி

நூலடுக்கு சொன்னதோடு ஒன்று. சந்தா இல்லாமல் ஓப்பன்அலெக்ஸ் அல்லது கிராஸ்ரெஃப் என்ற திறந்த தரவுத்தளங்கள் வழியாக எடுப்பவர்களுக்கு இந்த வகைப் பிரிப்பே கைக்கு வராது. கிராஸ்ரெஃபில் நூல் மதிப்புரை, தலையங்கம், ஆசிரியர் குழுப் பக்கம் எல்லாமே ‘இதழ்க் கட்டுரை’ என்றுதான் இருக்கும். ஓப்பன்அலெக்ஸ் அதன் மேல் கொஞ்சம் வடிகட்டுகிறது, ஆனாலும் மதிப்புரைகள் பல கட்டுரை என்றே தங்கிவிடுகின்றன.

கையால் வடிகட்டும் முறை: பக்க நெடுவரிசையில் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து 1 கூட்டுங்கள். 4 பக்கத்துக்குக் கீழ் உள்ளவற்றைத் தனித் தாளுக்கு நகர்த்துங்கள். மேற்கோள் பட்டியல் எண்ணிக்கை 5க்குக் கீழ் இருப்பவற்றையும் அதே தாளுக்கு. பிறகு தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். இயந்திரத்திடம் விட்டால் ஒரு குறுங்கட்டுரை போய்விடும்; ‘பாலிசி டிபேட்ஸ்’ போன்ற பகுதிகளில் வருபவை குறுகியவையாக இருந்தாலும் மேற்கோள் பெறுபவை. எதை நீக்கினோம் என்ற அந்தத் தாளைப் பின்னிணைப்பாக வையுங்கள்.

ஏற்றுமதி வரம்பையும் மனதில் வையுங்கள். வெப் ஆஃப் சயின்ஸில் மேற்கோள் பட்டியலோடு முழுப் பதிவு எடுத்தால் ஒரு தடவைக்கு 500தான். 1–500, 501–1000 என்று கோப்புப் பெயரிலேயே எண்களைப் போடுங்கள். இணைத்த பிறகு டிஓஐ வைத்து இரட்டைகளை நீக்குங்கள். இந்த வரம்பில் ஒரு தொகுப்பு விட்டுப்போனதைக் கவனிக்காமல் அட்டவணை போட்டுவிட்டால், ஆண்டு வரைபடத்தில் இல்லாத பள்ளம் ஒன்று தோன்றும். பதிவுகள் வரிசையாக ஏறுவதால் விட்டுப்போன தொகுப்பு பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளையே பாதிக்கும், அதனால் அது உண்மையான சரிவு போலவே தெரியும்.

#4 கணக்கன்

தம்பி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சார்பு வளர்ச்சி வீதம் இறங்குவதைப் பார்த்து “வளர்ச்சி குறைகிறது” என்று எழுத வேண்டாம். நம் நாட்டு நூலகவியல் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை இது.

சூத்திரம்: இந்த ஆண்டுவரையிலான கூட்டுத்தொகையின் இயல் மடக்கையிலிருந்து போன ஆண்டுவரையிலான கூட்டுத்தொகையின் இயல் மடக்கையைக் கழிப்பது. இரட்டிப்புக் காலம் 0.693ஐ அந்த வீதத்தால் வகுப்பது. இப்போது ஒரு கற்பனை இதழ் ஆண்டுதோறும் சரியாக 100 கட்டுரை போடுகிறது என்று வைத்துக்கொள். கூட்டுத்தொகை 100, 200, 300, 400, 500. வீதம் 0.693, 0.405, 0.288, 0.223. இரட்டிப்புக் காலம் 1.00, 1.71, 2.41, 3.11 ஆண்டுகள். இதழில் ஒன்றுமே மாறவில்லை, ஆனால் வீதம் மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிட்டது. 2005இலிருந்து எண்ணினால் ஓர் எண், 1967இலிருந்து எண்ணினால் வேறு எண். நீ எந்த ஆண்டில் எண்ணத் தொடங்கினாய் என்பதைத்தான் அது அளக்கிறது.

இந்த அளவு செடியின் வளர்ச்சி போல, இருப்பதே மேலும் வளரக் காரணமாகும் இடங்களுக்குப் பொருந்தும். ஓர் இதழ் ஆண்டுக்கு எத்தனைக் கட்டுரை போடுகிறது என்பதோ இதழாசிரியரும் பதிப்பகமும் எடுக்கும் முடிவு. எத்தனை வெளியீடு, எத்தனைப் பக்கம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். ‘ரீஜனல் ஸ்டடீஸ்’ இப்போது ஆண்டுக்கு 12 வெளியீடு. முன்பு அதைவிடக் குறைவு. வெளியீட்டின் எண்ணிக்கை கூடிய ஆண்டில் கட்டுரை கூடத்தான் செய்யும். எனவே மூன்று நெடுவரிசை போடு: வெளியீடுகள், கட்டுரைகள், மொத்தப் பக்கங்கள். அதன் அருகில் மூன்றாண்டு நகர் சராசரி. அது போதும், நேர்மையாகவும் இருக்கும்.

#5 சுவடித்தேடல்

நன்றி சார். ஆனால் மதிப்பீட்டாளர்கள் சார்பு வளர்ச்சி வீதம் எங்கே என்று கேட்பார்களே?

#6 கணக்கன்

கேட்டால் மேலே கொடுத்த 100, 200, 300 கணக்கை ஒரு பத்தியாக எழுதி, “இந்தக் காரணத்தால் இந்த அளவு தவிர்க்கப்பட்டது” என்று முறையியல் இயலிலேயே போட்டுவிடு. கால்குலேட்டர் வைத்துச் சரிபார்க்கக்கூடிய காரணத்தை எந்த மதிப்பீட்டாளரும் மறுக்க மாட்டார்.

லோட்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1926இல் ஆல்ஃபிரட் லோட்கா எழுதியது, ஒரு துறையின் ஆசிரியர்கள் மொத்தமாக எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதைப் பற்றி. அடுக்கு 2 என்றால், அதாவது இரண்டு கட்டுரை எழுதியவர்கள் ஒன்று எழுதியவர்களில் நான்கில் ஒரு பங்கு, மூன்று எழுதியவர்கள் ஒன்பதில் ஒரு பங்கு என்று குறைந்தால், ஒரே ஒரு கட்டுரை எழுதியவர்கள் ஏறத்தாழ 60.8 விழுக்காடு. ஓர் இதழை மட்டும் எடுத்தால் ஒரு கட்டுரைக்காரர்கள் அதைவிட மிகுதியாக இருப்பது இயல்பு, ஏனென்றால் அதே ஆசிரியர் மற்ற கட்டுரைகளை வேறு இதழ்களில் போட்டிருப்பார். அதை “விதி பொருந்தவில்லை” என்று ஒரு கண்டுபிடிப்பாக எழுதுவதில் பொருள் இல்லை. இன்னொன்று, லோட்கா கூட்டுக் கட்டுரைகளில் மூத்த ஆசிரியரை மட்டும் எண்ணினார். இன்று எல்லா ஆசிரியரையும் எண்ணிவிட்டு அவருடைய அடுக்கோடு ஒப்பிட்டால் அளவுகோலே வேறு.

#7 புவிமேசை

நாடுகள் கேள்விக்கு. வெப் ஆஃப் சயின்ஸ் முகவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கையும் தனி நாடுகளாக வைக்கும். ஸ்கோப்பஸ் ஐக்கிய இராச்சியம் என்று ஒன்றாக வைக்கும். இந்த இதழில் இதன் பாதிப்பு பெரிது. இது பிரிட்டனில் 1965இல் தொடங்கிய ரீஜனல் ஸ்டடீஸ் அசோசியேஷனின் இதழ். வேல்ஸின் தலைநகரான கார்டிஃப் போன்ற இடங்களிலிருந்து இதற்கு வலுவான பங்களிப்பு உண்டு. 1997இல் வந்த கெவின் மார்கனின் ‘கற்கும் வட்டாரம்’ கட்டுரை கார்டிஃபிலிருந்துதான். அதில் வேல்ஸே எடுத்துக்காட்டு.

இணைக்கும்போது செய்யும் தவறு: நான்கு எண்களையும் அப்படியே கூட்டிவிடுவது. ஒரு கட்டுரையில் ஒருவர் லண்டன், இன்னொருவர் கார்டிஃப் என்றால் அது இரண்டு தடவை எண்ணப்படும். முதலில் முகவரி நெடுவரிசையில் நான்கு பெயர்களையும் ஐக்கிய இராச்சியம் என்று மாற்றுங்கள், பிறகு கட்டுரைக்குள் இரட்டையை நீக்குங்கள், அதன் பிறகே எண்ணுங்கள். அதோடு, இங்கிலாந்து–வேல்ஸ் கூட்டுக் கட்டுரையைப் பன்னாட்டுக் கூட்டு என்று எண்ணிய அட்டவணைகள் உண்டு. அதுவும் இதே பிழையின் இன்னொரு முகம்.

பிப்ளியோஷைனி என்ற அளவியல் மென்பொருளில் எடுப்பவர்கள் கவனிக்க: ‘நாடுகளின் அறிவியல் உற்பத்தி’ அட்டவணை, ஆசிரியர் முகவரி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுகிறது. நான்கு நெதர்லாந்து ஆசிரியர் எழுதிய ஒரு கட்டுரை அங்கே 4. ‘தொடர்பு ஆசிரியரின் நாடு’ அட்டவணை கட்டுரைக்கு ஒரு நாடு மட்டும் கொடுக்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். ஒன்றின் எண்ணை எடுத்து மற்றதன் தலைப்பின்கீழ் போடாதீர்கள்.

#8 நூலடுக்கு

ஆசிரியர் பெயரும் அப்படித்தான். இந்த இதழில் அதிகம் எழுதுபவர்களில் ஆந்த்ரெஸ் ரொட்ரிகேஸ்-போசே ஒருவர். இரட்டைக் குடும்பப் பெயர், இடைக்கோடு, மேற்குறி. மேற்கோள் பட்டியல்களில் ‘போசே ஏ. ஆர்.’ என்று பிரிந்துவிடும் வாய்ப்பு உண்டு. ராகேல் ஒர்தேகா-ஆர்ஹிலேஸ் பெயருக்கும் இதே ஆபத்து. ஃபிராங்க் வான் ஓர்ட் ‘வான்’ வரிசையில் ஓரிடம், ‘ஓர்ட்’ வரிசையில் ஓரிடம். முதலெழுத்தும் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் கலந்து எழுதும் நமக்கு இது புதிதில்லை. பெயரை வைத்து எண்ணாமல் ஆர்கிட் எண் (ஆய்வாளரின் தனி அடையாள எண்) உள்ள பதிவுகளுக்கு அதை வைத்து எண்ணுங்கள். இல்லாதவற்றுக்கு முதல் ஐம்பது பெயர்களையாவது கையால் ஒருங்கிணையுங்கள். பட்டியலின் மேல்பகுதிதானே அச்சாகப் போகிறது, ஆயிரக்கணக்கான பெயர்களையும் சுத்தம் செய்ய வேண்டியதில்லை.

#9 பொருளியல்_வாசி

தாக்கம் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் ஆண்டில் கிடைத்த மேற்கோள்களில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்தவற்றை, அந்த இரண்டு ஆண்டின் கட்டுரை எண்ணிக்கையால் வகுப்பது. இந்த இதழின் மிகப் புகழ்பெற்ற கட்டுரையை வைத்துப் பாருங்கள்: ரொன் போஷ்மா, ‘அண்மையும் புத்தாக்கமும்: ஒரு விமர்சன மதிப்பீடு’, தொகுதி 39, வெளியீடு 1, பக்கம் 61–74, 2005. புவியியல் அண்மை மட்டும் போதாது. அறிவு, அமைப்பு, சமூகம், நிறுவன நெறி என நான்கு வேறு அண்மைகளும் உண்டு, அளவுக்கு மீறிய அண்மையும் கெடுதல் என்ற வாதம். பல ஆயிரம் மேற்கோள் பெற்றது, இன்றும் பெறுகிறது. இவற்றில் எத்தனை இதழின் இம்பாக்ட் ஃபேக்டருக்குள் போயின? 2006இல் கிடைத்தவையும் 2007இல் கிடைத்தவையும் மட்டும். 2008 முதல் இன்றுவரை வந்த அத்தனையும் அந்த எண்ணுக்கு வெளியே. சமூக அறிவியலில் ஒரு கருத்து ஊறிப் பரவவே நான்கைந்து ஆண்டு ஆகும். இரண்டாண்டுச் சாளரம் இந்த இதழின் உண்மையான பலத்தைக் காட்டவே காட்டாது.

சைட்ஸ்கோர் வேறு கணக்கு. 2020இல் மாற்றிய முறைப்படி, 2024 சைட்ஸ்கோர் என்றால் 2021–2024இல் வந்த ஆவணங்களுக்கு அதே 2021–2024இல் கிடைத்த மேற்கோள்கள், வகுத்தல் அந்த ஆவண எண்ணிக்கை. 2021 சனவரிக் கட்டுரைக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டு அவகாசம், 2024 டிசம்பர்க் கட்டுரைக்கு ஒன்றுமில்லை. இரண்டு எண்களும் வெவ்வேறு சாளரம், வெவ்வேறு தரவுத்தளம், வெவ்வேறு ஆவண வகை. ஒரே அச்சில் இரண்டு கோடு வரைந்து “சைட்ஸ்கோர் அதிகம்” என்று எழுதுவது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது. வேண்டுமானால் இரண்டு தனி வரைபடம் போடுங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் கோட்டிலும் ஒரு உடைவு இருக்கிறது. 2020ஆம் ஆண்டுத் தரவிலிருந்து, முன்கூட்டி இணையத்தில் வந்த கட்டுரைகள் காட்டும் மேற்கோள்களும் கணக்கில் சேர்ந்தன. அந்த ஆண்டில் பல இதழ்களுக்கு எண் துள்ளியது. ‘ரீஜனல் ஸ்டடீஸ்’ கட்டுரைகள் இணையத்தில் வந்த பிறகு வெளியீட்டில் சேரக் காத்திருப்பவை என்பதால் இது முக்கியம். வரைபடத்தில் 2020இல் செங்குத்துப் புள்ளிக்கோடு போட்டு, முறை மாறியதைக் கீழே எழுதுங்கள்.

கடைசியாக, சராசரி. பத்துக் கட்டுரை இருக்கின்றன, ஒன்பதுக்குத் தலா 2 மேற்கோள், ஒன்றுக்கு 82 என்று வையுங்கள். சராசரி 10. இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 2. அந்த 10 என்ற எண் எந்தக் கட்டுரையையும் விவரிக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டுக்கும் இடைநிலையையும், மேற்கோளே பெறாதவற்றின் விழுக்காட்டையும், மேல் பத்து விழுக்காட்டுக் கட்டுரைகள் மொத்த மேற்கோளில் எவ்வளவு பங்கு என்பதையும் கொடுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு நல்ல கட்டுரை இதழைத் தூக்கி நிறுத்துகிறதா, பரவலாகவே தரம் இருக்கிறதா என்பது தெரியும்.

#10 சுவடித்தேடல்

அப்படியானால் அதிக மேற்கோள் பெற்ற பத்துக் கட்டுரை அட்டவணையை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துவது? மொத்த மேற்கோள் என்றால் பழையவை மட்டுமே மேலே வருகின்றன.

#11 பொருளியல்_வாசி

சாளரத்தைச் சமமாக்குங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் வெளியான ஆண்டு உட்பட ஐந்து ஆண்டில் கிடைத்ததை மட்டும் எண்ணுங்கள். 2005 கட்டுரைக்கு 2005–2009, 2020 கட்டுரைக்கு 2020–2024. உங்கள் தரவு 2024இல் முடிந்தால் 2020க்குப் பிந்தைய கட்டுரைகளை இந்த அட்டவணையிலிருந்து விட்டுவிட வேண்டும். அது இழப்பில்லை.

அப்படிச் செய்தால் படம் மாறும். கோன் ஃபிரெங்கென், வான் ஓர்ட், ஃபெர்பர்க் மூவரின் 2007 கட்டுரை (ஒரு வட்டாரத்தின் தொழில்களிடையே தொடர்புள்ள பன்மை, தொடர்பற்ற பன்மை, நெதர்லாந்தின் 1996–2002 தரவு), மெக்கான்–ஒர்தேகா-ஆர்ஹிலேஸின் 2015 கட்டுரை (திறன்மிகு சிறப்பாக்கம், அதாவது ஒவ்வொரு வட்டாரமும் தன் பலமுள்ள துறைகளில் புத்தாக்கத்தைக் குவிப்பது), பாலாண்டும் போஷ்மாவும் மற்றவர்களும் எழுதிய 2019 கட்டுரை, டைக்ஸ்ட்ரா, பூல்மன், ரொட்ரிகேஸ்-போசே எழுதிய ‘ஐரோப்பிய ஒன்றிய அதிருப்தியின் புவியியல்’ (2020, தொகுதி 54, பக்கம் 737–753, 63,000க்கு மேற்பட்ட வாக்களிப்புப் பகுதிகள்) எல்லாம் ஒரே தளத்தில் நிற்கும். எந்தக் காலத்தில் எந்தக் கருத்து பற்றிக்கொண்டது என்பது அப்போது தெரியும். 1990களில் கற்கும் வட்டாரம், 2000களில் அண்மையும் பன்மையும், 2010களில் சிறப்பாக்கக் கொள்கை, அதன் பிறகு பின்தங்கிய வட்டாரங்களின் அரசியல் கோபம். இந்த இதழைப் பற்றிச் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்பது என் எண்ணம். ஹெச்-இன்டெக்ஸ் இதில் எதையும் சொல்லாது.

#12 தரவுத்தறி

ஐந்தாண்டுச் சாளரத்துக்குத் தரவு எடுக்கும் வழி: வெப் ஆஃப் சயின்ஸின் மேற்கோள் அறிக்கையில் கட்டுரைக்கு எதிரே ஆண்டுவாரி நெடுவரிசைகள் கிடைக்கும், எக்செலுக்கு இறக்கலாம். ஓப்பன்அலெக்ஸில் பதிவுக்குள்ளேயே இருக்கும் ஆண்டுவாரி எண்ணிக்கை கடந்த பத்தாண்டு அளவுக்குத்தான். 2005 கட்டுரைக்கு அது உதவாது. அதற்கு, அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய ஆக்கங்களைத் தேடி, வெளியான ஆண்டால் தொகுக்கும் வினவலை அனுப்ப வேண்டும். கட்டுரைக்கு ஒரு வினவல், இலவசம்தான்.

வெப் ஆஃப் சயின்ஸ் கோப்பில் இரண்டு மேற்கோள் எண் இருக்கும். ஒன்று மூலத் தொகுப்புக்குள் கிடைத்தது, மற்றது எல்லாத் தரவுத்தளங்களும் சேர்ந்தது. ஓர் அட்டவணையில் ஒன்று, அடுத்ததில் மற்றது என்று கலந்துவிடாதீர்கள். இறக்கிய நாளையும் எழுதுங்கள்.

#13 சொல்வலை

திறவுச்சொல் வரைபடம் போடப் போகிறீர்களா? இந்த இதழுக்கே உரிய ஒரு வலை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நெடுங்காலம் இந்த இதழின் சுருக்கங்கள் தம்மைத்தாமே மேற்கோள் காட்டித் தொடங்கின: ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, பிறகு இதழின் பெயர், தொகுதி, பக்கம். அதன் பிறகுதான் சுருக்கம். கூடவே பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளில் மொழிபெயர்ப்பும் திறவுச்சொற்களும். இந்தத் தலைப்பகுதி தரவுத்தளங்களின் பல பதிவுகளில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுருக்கத்தை விஓஎஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் போட்டால் நடுவில் பெரிய வட்டமாக ‘ரீஜனல் ஸ்டடீஸ்’ என்ற சொல்லே வந்து நிற்கும், சுற்றிலும் பிரெஞ்சுச் சொற்கள் ஒரு தனித் திரளாக. அதை “பிரெஞ்சு வட்டார ஆய்வுத் திரள்” என்று விளக்கம் எழுதிவிட்டால் தீர்ந்தது.

சரிசெய்ய: சுருக்க நெடுவரிசையில், இதழின் பெயரும் பக்க எண்களும் முடியும் முதல் முற்றுப்புள்ளிவரை வெட்டுங்கள். எல்லா வரிக்கும் ஒரே சூத்திரம் பொருந்தாது. தலைப்பகுதி இருக்கிறதா என்று முதலில் சோதித்து, இருந்தால் மட்டும் வெட்டுங்கள். கடைசியில் உள்ள பதிப்புரிமை வரியை விஓஎஸ்வியூவரின் அமைப்பிலேயே புறக்கணிக்கச் சொல்லலாம். பிறமொழிச் சொற்களை நிகண்டுக் கோப்பில் ஏற்றுங்கள். அந்தக் கோப்பு இரண்டே நெடுவரிசை, இருக்கும் சொல், மாற்றுச் சொல். நீக்க வேண்டுமானால் இரண்டாவதை வெறுமையாக விடலாம். பிரித்தானிய, அமெரிக்க எழுத்துக்கூட்டலும் ஒருமை பன்மையும் அதே கோப்பில். ‘கிளஸ்டர்’, ‘கிளஸ்டர்ஸ்’, ‘இண்டஸ்ட்ரியல் கிளஸ்டர்’ மூன்றையும் ஒன்றாக்குவதா என்பது மட்டும் பொருள் தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு. இந்தத் துறையில் அவை ஒன்றல்ல.

ஆசிரியர் கொடுத்த திறவுச்சொல்லும் ‘கீவேர்ட்ஸ் பிளஸ்’ உம் வேறு. பின்னது, மேற்கோள் பட்டியலில் உள்ள தலைப்புகளிலிருந்து இயந்திரம் பொறுக்கியது. 1990களின் தொடக்கத்துக்கு முந்தைய பதிவுகளில் பெரும்பாலும் சுருக்கமும் இல்லை, திறவுச்சொல்லும் இல்லை. 1967இலிருந்து ‘கருத்து வளர்ச்சி’ காட்ட விரும்புபவர்கள் தலைப்பை மட்டுமே நம்ப வேண்டும். நீங்கள் 2005இலிருந்து எடுப்பதால் தப்பித்தீர்கள்.

#14 கணக்கன்

கூட்டாசிரியர் அளவு விட்டுப்போயிற்று. சுப்பிரமணியத்தின் 1983 சூத்திரம் தனி, கூட்டு என்று இரண்டாகத்தான் பிரிக்கும். 100 கட்டுரையில் 30 தனி, 40 இருவர், 20 மூவர், 10 நால்வர் என்றால் அது 0.70. இருவரும் நால்வரும் அதற்கு ஒன்றே. அஜிஃபெருகே, பரெல், டேக் மூவரின் 1988 கெழு இதைப் பிரித்துப் பார்க்கும்: 30ஐ 1ஆல், 40ஐ 2ஆல், 20ஐ 3ஆல், 10ஐ 4ஆல் வகுத்துக் கூட்டு, 30 + 20 + 6.67 + 2.5 = 59.17. நூறால் வகுத்து ஒன்றிலிருந்து கழி, 0.408. கட்டுரைக்குச் சராசரி ஆசிரியர் 2.10. சராசரியையும் கெழுவையும் கொடு, போதும். நான்கு சூத்திரத்தை அடுக்குவதால் தகவல் கூடாது.

#15 புவிமேசை

இதழை எதனோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். வெப் ஆஃப் சயின்ஸ் பக்கத்தில் இது பொருளியல், புவியியல், சுற்றுச்சூழல் ஆய்வுகள், வட்டார–நகரத் திட்டமிடல் ஆகிய வகைகளில் இருக்கிறது. ஒரே எண், ஒவ்வொரு வகையிலும் வேறு இடம். “முதல் காற்பகுதி (க்யூ1) இதழ்”, அதாவது வகையின் தரவரிசையில் மேல் 25 விழுக்காட்டில் உள்ளது, என்று எழுதினால் எந்த வகையில் என்று சேர்த்தே எழுத வேண்டும்.

நான் பரிந்துரைப்பது ஒப்பீட்டு இதழ்களை நாமே தேர்ந்தெடுப்பது: ‘ஜர்னல் ஆஃப் எகனாமிக் ஜியாகரஃபி’, ‘எகனாமிக் ஜியாகரஃபி’, ‘யூரோப்பியன் பிளானிங் ஸ்டடீஸ்’, ‘பேப்பர்ஸ் இன் ரீஜனல் சயின்ஸ்’, ‘ஜர்னல் ஆஃப் ரீஜனல் சயின்ஸ்’, ‘ஆனல்ஸ் ஆஃப் ரீஜனல் சயின்ஸ்’. இந்த ஆறோடு நம் இதழையும் சேர்த்து ஓர் ஆண்டின் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே தாளில் போட்டு, மேல் பத்து விழுக்காட்டு எல்லையைக் கண்டுபிடியுங்கள். நம் இதழின் கட்டுரைகளில் எத்தனை விழுக்காடு அந்த எல்லைக்கு மேல்? பத்துக்கு மேல் இருந்தால் அந்த ஆண்டு சக இதழ்களைவிடச் சிறப்பு, கீழ் என்றால் குறைவு. ஆண்டுதோறும் தனித்தனியாகச் செய்வதால் வயதுச் சிக்கலும் தீர்ந்துவிடும். ரீஜனல் சயின்ஸ் என்பது 1954இல் வால்டர் ஐசார்ட் தொடங்கிய தனி மரபு, கணிதச் சாய்வு அதிகம். அதன் மேற்கோள் பழக்கம் வேறு என்பதை விளக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

#16 பொருளியல்_வாசி

புவிமேசை சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஒரு சேர்க்கையோடு. இந்த இதழின் பயன் கல்வி இதழ்களோடு நிற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014–2020 ஒருங்கிணைப்புக் கொள்கையில், புத்தாக்க நிதி பெற, தேசிய அல்லது வட்டார அளவில் திறன்மிகு சிறப்பாக்க உத்தி வகுப்பது முன்நிபந்தனையாக இருந்தது. அதைப் பற்றிய விவாதத்தின் கணிசமான பகுதி இந்தப் பக்கங்களில் நடந்தது. கொள்கை ஆவணங்களில் வரும் மேற்கோளை வெப் ஆஃப் சயின்ஸ் எண்ணாது. ஓவர்டன் என்ற தரவுத்தளம் எண்ணுகிறது. அது கிடைக்காவிட்டால், அதிக மேற்கோள் பெற்ற இருபது கட்டுரைகளின் தலைப்பை மேற்கோள்குறிக்குள் இட்டு, ஐரோப்பிய ஆணையம், ஓஇசிடி (பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பு) தளங்களுக்குள் மட்டும் தேடிக் கையால் எண்ணுங்கள். ஒரு நாள் வேலை.

#17 சுவடித்தேடல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. வளர்ச்சி வீதம், லோட்கா இரண்டையும் எடுத்துவிட்டு ஐந்தாண்டுச் சாளரமும் ஆறு இதழ் ஒப்பீடும் வைக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: இதழில் சிறப்பிதழ்கள் நிறைய. அவற்றைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா?

#18 நூலடுக்கு

பிரியுங்கள். சிறப்பிதழின் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும், முன்னுரைத் தலையங்கம் அத்தனையையும் மேற்கோள் காட்டும். வெளியான அன்றே ஒவ்வொன்றுக்கும் ஓரிரண்டு மேற்கோள் கையிருப்பு. தலையங்கம் இம்பாக்ட் ஃபேக்டரின் வகுக்கும் எண்ணில் வராது, ஆனால் அது கொடுக்கும் மேற்கோள் எண்ணப்படும்.

அடையாளம் காண, ஆவண வகை தலையங்கம் என்றிருந்து, மேற்கோள் பட்டியல் 15க்கு மேல் இருப்பவற்றை எடுங்கள். பெரும்பாலும் அவை சிறப்பிதழ் முன்னுரைகள். அந்தத் தொகுதி, வெளியீட்டு எண்ணைக் குறித்து, பதிப்பகத் தளத்தில் பொருளடக்கம் பார்த்து உறுதி செய்யுங்கள். சில வெளியீடுகளில் பாதி சிறப்பிதழ், பாதி பொதுக் கட்டுரை என்று கலந்திருக்கும் என்பதால் வெளியீட்டு எண்ணை மட்டும் நம்ப முடியாது. பிறகு மேற்கோள் இணைகளில், காட்டுவதும் காட்டப்படுவதும் ஒரே வெளியீட்டில் இருப்பவற்றை நீக்கி ஐந்தாண்டு எண்ணை மறுபடி கணக்கிடுங்கள். நீக்குவதற்கு முன், நீக்கிய பின் என்று இரண்டு எண்ணையும் அட்டவணையில் பக்கம் பக்கமாக வையுங்கள்.